சுவரோரம் வைத்த என்ஜின்

கம்பத்திலிருந்து சின்னமனூர் போகும் பஸ்ஸில் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். இருபத்தாறில் கணக்கு விட்டுப்போனது. முன் சீட்டுத் தலைப்பாகைக்காரர் தம் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்ன பேச்சுதான் காரணம்.

"எங்க வீட்டுக்காரி என்ஜினுக்குப் பயந்து அவுக அப்பா வீட்டுக்குப் போயிட்டா."

"கெணத்துக்கு வாங்குன ஆயில் என்ஜினாண்ணே? அது என்ன செஞ்சுச்சு?"

"அது ஒண்ணும் செய்யல. கெணத்தடியில வச்சாக் களவு போயிரும்னு நாந்தான் குழாயை நீட்டி விட்டு வீட்டுச் சுவத்தோட ஒட்டி வச்சேன்."

"எட்டு ஆளு சேந்து எறக்குன சாமானையா?"

"அறிவாளிக்குத்தானப்பா அந்தப் பயமெல்லாம் வரும். அது ஓடுனா அடுக்குப்பானை உருண்டு விழுது. ஆடிக் காத்துல புகை பூராம் அடுப்பங்கரைக்குள்ள. இருமி இருமிப் பாத்துட்டுப் பொட்டியக் கட்டிட்டா."

"இப்பவாவது தள்ளி வச்சீகளா?"

"வச்சாச்சு. கெணத்தடியில சிமிட்டி மேடை போட்டு, போல்ட்டு முடுக்கி, புகைக்குழாயையும் காத்துப் போற பக்கம் திருப்பியாச்சு."

"பெறகென்ன, அண்ணியக் கூட்டியாந்துர வேண்டியதுதான."

"எங்க மாமனாரும் போன மாசம் ஒரு என்ஜின் வாங்குனாக. எங்கன வைக்கிறதுன்னு என்னையத்தான் யோசனை கேட்டாக."

பக்கத்தில் இருந்தவர் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அங்கனயும் சுவரோரமாண்ணே?"

"அடுப்பங்கரைச் சுவரு. இப்ப மாமியாரும் இருமுறாக. ஆத்தாளை இப்படி விட்டுட்டு வரமாட்டேன், இதையும் தள்ளி வச்சாத்தான் வருவேங்குறா. அதான் போறேன்."

"அது ஒரு நாள் வேலைதான."

"மேடை காயணும்ல. காயுற வரைக்கும் நானும் அந்த அடுப்பங்கரையிலதான் உக்காந்து சாப்பிடணுமாம். சொல்லி விட்டிருக்கா."