பில்லை இரண்டு முறை கட்டிய குற்றம்

நான் மேடையேறிய நொடியிலேயே கைக்கடிகாரத்தைக் கழற்றி, எனக்கு நன்றாகத் தெரியும்படி மேசைமேல் வைத்துவிட்ட எங்கள் சிறுகடைக்காரர் சங்கத்தின் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வரவு செலவு வாசித்து நம்மை அரைத் தூக்கத்தில் ஆழ்த்திய அன்புக்குரிய பொருளாளர் அவர்களே, முன்வரிசையை முறையாக நிறைத்திருக்கும் மூத்தோர்களே, முழுநாளும் கடையில் நின்றுவிட்டு மூட்டுவலியோடும் வந்திருக்கும் முத்தான தாய்மார்களே, பின்னால் கதவருகே, பேச்சு நீண்டால் ஓடுவதற்கு வசதியாக நிற்கும் உடன்பிறப்புகளே, உங்கள் ஒவ்வொருவருக்கும் இந்தச் சலவைக்கடைக்காரியின் மாலை வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, “நாணயமான வாடிக்கையாளரும் கடன் அட்டை நிறுவனங்களும்”. தலைவர் கேட்டார், “நீங்க கோபமா பேசுவீங்களா, சிரிச்சுக்கிட்டே பேசுவீங்களா?” நான் சொன்னேன், “ரெண்டும் இருக்கும் தலைவரே. ஆனா எல்லாரையும் சந்தோஷமாத்தான் வீட்டுக்கு அனுப்புவேன்.” அந்த வாக்கைக் காப்பாற்றுகிறேனா என்று நீங்களே பாருங்கள்.

பதினொரு ஆண்டுகளாக என்னிடம் ஒரு கடன் அட்டை இருக்கிறது. அந்தப் பதினொரு ஆண்டுகளில் தேதி தவறியதுண்டா? இல்லை. தொகை குறைந்ததுண்டா? இல்லை. ஒரு பைசா வட்டி, ஒரு பைசா அபராதம், ஒரே ஒரு நினைவூட்டல் கடிதம் எங்கள் வீட்டு வாசலை மிதித்ததுண்டா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை. பில் வந்த அன்றே கட்டிவிட்டு, அதைப் பற்றிப் பெருமை பேசுகிற பழக்கமும் எனக்கு இருந்தது. சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்க வருகிறவர்களிடம்கூடப் பேசுவேன். பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சிலர் சட்டையைக் கசங்கலாகவே போட்டுக்கொண்டு திரிந்தார்கள். என்ன சிரிக்கிறீர்கள், நீங்களும் அவர்களில் ஒருவர்தானே ஐயா?

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஊரார் எழுதியதில் உள்ள தவறையெல்லாம் சிவப்பு மையால் சுழிப்பதே அவர் பிழைப்பு. அப்படிப்பட்ட மனிதரும், இப்படிப்பட்ட மனைவியும் சேர்ந்து ஒரு தவறு செய்தோம்.

போன ஆண்டு கடைக்கு ஒரு பெரிய சலவை இயந்திரம் வாங்கினேன். ஒரே நேரத்தில் முப்பது படுக்கை விரிப்பை விழுங்குகிற இயந்திரம். அட்டையில்தான் வாங்கினேன். பில் வந்தது. இதுவரை பார்த்திராத பெரிய பில். ஆனால் பணம் தயாராக இருந்தது, மூன்று ஆண்டுச் சேமிப்பு. இயந்திரம் வந்த பரபரப்பில் இவர் மறந்துவிடுவார் என்று நினைத்து, காலையிலேயே கடையிலிருந்து போனில் முழுத்தொகையையும் கட்டிவிட்டேன். இயந்திரம் வந்த பரபரப்பில் இவள் மறந்துவிடுவாள் என்று நினைத்து, அவர் மதிய இடைவேளையில் வங்கிக்கு நடந்துபோய், அதே கணக்கிலிருந்து அதே தொகையை மறுபடியும் கட்டிவிட்டார்.

இரவுச் சாப்பாட்டில், “ஒண்ணு சொல்லணும், பில்லைக் கட்டிட்டேன்,” என்றார். என் கை தட்டிலேயே நின்றது. “நானும் கட்டிட்டேனே.” இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கணக்கில் மிஞ்சியது ஒரு வாரக் காய்கறிக்குக் காணும். கொஞ்ச நேரம் சண்டை போடலாமா என்று யோசித்தோம். பிறகு அவரே சொன்னார், “எங்க போயிடும்? நம்ம அட்டையிலதானே கிடக்கு. வேணும்னா அதைத் தேய்ச்சா போச்சு.” சரிதானே? உங்களுக்கும் சரியென்றுதானே படுகிறது? எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

மூன்றாம் நாள் காலை என் தம்பி கடைக்கு வந்தான். நாற்பத்திரண்டு வயது, பேருந்து ஓட்டுநர். என் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறான், ஆனால் காலையில் வருகிறவன் இல்லை. வாசலில் நின்றுகொண்டே சொன்னான். “அக்கா, வலது கண்ணுல மேலிருந்து ஒரு கறுப்புத் துணி இறங்குற மாதிரி இருக்கு. நேத்து பாதி இருந்துச்சு. இன்னைக்கு முக்கால்வாசி மூடிடுச்சு.”

தாய்மார்களே, இருபது ஆண்டு வண்டி ஓட்டியவன் அவன். ஒரு கண் போனால் அவனுக்கு உரிமம் போகும். உரிமம் போனால் வேலை போகும். ஸ்டியரிங்கைத் தவிர அவன் கைக்கு வேறொன்றும் பழக்கமில்லை. இஸ்திரிப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு அவனைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் பார்த்தார். விழித்திரை பிரிந்திருக்கிறது, இன்றே அறுவை செய்தால் பார்வையைக் காப்பாற்றலாம், நாளைக்குத் தள்ளினால் நான் உறுதி சொல்லமாட்டேன் என்றார். மதியம் இரண்டு மணிக்கு அறுவை. ஒரு மணிக்குள் முன்பணம் கட்டினால்தான் அந்த இடம் நம்முடையது.

நான் கலங்கவில்லை. கைப்பையில் அட்டை இருக்கிறது, அட்டையில் எங்கள் பணமே இருக்கிறது, பதினொரு ஆண்டுப் பெருமையும் கூடவே இருக்கிறது. நிமிர்ந்து நடந்து போய்ப் பணம் கட்டும் இடத்தில் அட்டையை நீட்டினேன். அந்தப் பெண் தேய்த்தாள். திருப்பித் தேய்த்தாள். துணியால் துடைத்துவிட்டுத் தேய்த்தாள். “மேடம், கார்டு எடுக்கலையே. வேற கார்டு இருக்கா?”

வரிசையில் எனக்குப் பின்னால் பதினைந்து பேர். பதினொரு ஆண்டாக நான் யாரைப் பார்த்தெல்லாம் உள்ளுக்குள் உதட்டைச் சுழித்தேனோ, அந்த இடத்தில் அன்றைக்கு நான் நின்றேன். வெட்கமாக இருந்தது. சொல்வதற்கென்ன, அழுகையே வந்தது.

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். முதலில் பாட்டு. பிறகு, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல். அப்புறம் அதே பாட்டு. பதினெட்டு நிமிடம் கழித்து ஓர் இளைஞர் பேசினார்.

“மேடம், உங்க கார்டை நாங்கதான் நிறுத்தி வெச்சிருக்கோம். சந்தேகப்படும்படியா ஒரு விஷயம் நடந்திருக்கு.”

“என்ன சந்தேகம்?”

“நீங்க பில்லுக்கு மேல அதிகமா கட்டியிருக்கீங்க.”

“தப்பா ரெண்டு தடவை கட்டிட்டோம் தம்பி. அது எங்க பணம்தானே?”

“ஆமா மேடம், உங்க பணம்தான். எங்ககிட்ட பத்திரமா இருக்கு.”

“அதை இப்ப நான் ஆஸ்பத்திரியில கட்டணும்.”

“அது முடியாது மேடம். விசாரிச்சு முடிக்க மூணு வேலை நாள் ஆகும். எல்லாம் உங்க பாதுகாப்புக்காகத்தான்.”

கேட்டீர்களா அவையோரே? பணம் என்னுடையது, பாதுகாப்பும் எனக்காம், சந்தேகமும் என்மேல்தானாம். பதினொரு ஆண்டில் நூற்று முப்பத்திரண்டு முறை சொன்ன நாளில் கட்டியவளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதானா? நிறுத்துமுன் ஒரு போன் செய்யக் கூடாதா? கடன் வேண்டுமா, கடன் வேண்டுமா என்று வாரத்துக்கு நாலுமுறை கூப்பிடத் தெரிந்த வாய்க்கு, “அம்மா, ரெண்டு தடவை கட்டிட்டீங்களே, தெரிஞ்சுதான் கட்டினீங்களா?” என்று ஒருமுறை கேட்கத் தெரியாதா? கைதட்டுங்கள், தப்பில்லை. நான் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

மணி பன்னிரண்டே முக்கால். என் வீட்டுக்காரர் கடன் கேட்க அச்சக முதலாளியைத் தேடி அலைகிறார். தம்பி நாற்காலியில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, “விடுக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்கிறான். அவன் குரலிலேயே பயம் தெரிந்தது.

அப்போது பணம் கட்டும் கம்பி ஜன்னலுக்குப் பக்கத்தில், கையெல்லாம் கிரீஸோடு ஒருவர் நின்றிருந்தார். மருத்துவமனை லிப்ட் பழுது பார்க்க வந்த மெக்கானிக். வேலைச் சீட்டில் கையெழுத்து வாங்கக் காத்திருந்தவர், நான் போனில் கத்தியது முழுவதையும் கேட்டிருக்கிறார். மேல்பாக்கெட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, கிரீஸ் படாமல் இரண்டு விரலால் பிடித்து நீட்டினார். தங்க நிறத்தில் தகதகவென்று இருந்தது.

“இதுல எடுத்துக்கங்க.”

“உங்களை யாருன்னே எனக்குத் தெரியாதே.”

“என்னை ‘மினிமம்’னு கூப்பிடுவாங்கம்மா. மாசாமாசம் பில்லுல மினிமம் மட்டும்தான் கட்டுவேன். அதுவும் பாதி நாள் லேட்டு. அதனாலயோ என்னவோ என் கம்பெனிக்காரங்களுக்கு என்மேல கொள்ளை ஆசை. ரெண்டு தடவை லிமிட்டை ஏத்திக் கொடுத்தாங்க. இந்தத் தங்கக் கார்டுகூட நான் கேட்கலை, அவங்களா அனுப்பினது.”

தேய்த்தார்கள். ஒரே தேய்ப்பில் ரசீது சரசரவென்று வந்தது. தேதி தவறாதவளின் அட்டை செத்துக் கிடக்க, தேதியே பார்க்காதவரின் அட்டை என் தம்பியின் கண்ணைக் காப்பாற்றியது. இரண்டு மணிக்கு அவனை உள்ளே கொண்டுபோனார்கள்.

அறுவைக்குப் பிறகு பல நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்றார்கள். தம்பி தரையைப் பார்த்தபடி கிடக்க, பக்கத்தில் உட்கார்ந்து நான் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஏனென்றால் மூன்று வேலை நாள் என்றவர்கள், ஒரு வாரமாகியும் நான் திருப்பிக் கேட்ட பணத்தை அனுப்பவில்லை. அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்புகிற பாணியிலேயே எழுதினேன். “மதிப்புமிக்க நிறுவனமே, தாங்கள் எங்களுக்குத் தரவேண்டிய தொகை நிலுவையில் உள்ளது. கடைசித் தேதிக்குள் செலுத்தத் தவறினால் தாமதக் கட்டணமும் வட்டியும் வசூலிக்கப்படும். தங்கள் நற்பெயரும் பாதிக்கப்படலாம். ஏற்கெனவே செலுத்தியிருப்பின் இக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.” வீட்டுக்காரர் பிழை திருத்தித் தந்தார். தம்பி குப்புறப் படுத்தவாறே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கண் ஆடக் கூடாது என்று நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

பதில் வந்ததா என்கிறீர்களா? வந்தது. “எங்கள் தனிநபர் கடன் திட்டத்தில் தாங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி” என்று வந்தது.

பிறகு நிறுவனத்தில் ஒரு பெண் போனில் கிடைத்தாள். நல்ல பெண். மெதுவாகச் சொன்னாள், “நான் சொன்னதா சொல்லாதீங்க மேடம். உங்களால எங்களுக்கு வட்டி வருமானமே இல்லை. அதனால உங்க மாதிரி ஆளுங்க புகார் கடைசி வரிசையிலதான் நிக்கும்.” எனக்கு அந்த நிமிடம் கோபம் வரவில்லை. ஒரு தெளிவு வந்தது. நான் ஒழுங்காக இருப்பது இவர்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நாற்பத்தோராம் நாள் பணம் வந்தது, வட்டியும் இல்லாமல், வருத்தமும் தெரிவிக்காமல்.

ஆனால் மினிமம் அண்ணனுக்கு அதுவரை நான் காத்திருக்கவில்லை. கடை வசூல், வீட்டுக்காரர் முன்கூட்டி வாங்கிய சம்பளம், எல்லாம் திரட்டிப் பன்னிரண்டாம் நாளே அவர் அட்டைக் கணக்கில் முழுத்தொகையும் கட்டிவிட்டேன். மறுநாளே அவருக்கு அவருடைய நிறுவனத்திலிருந்து போன். “சார், உங்க கணக்குல திடீர்னு இவ்வளவு பெரிய தொகை கட்டியிருக்கு. எல்லாம் நல்லபடியாத்தானே இருக்கு?” இவர் சொன்னாராம், “சகவாச தோஷம் சார். சரியா கட்டுறவங்க கூடச் சேர்ந்துட்டேன்.”

அவரைப் பார்க்கக் குடும்பத்தோடு போனேன். மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “அண்ணா, என் பேர் தெரியாது, ஊர் தெரியாது. என்னை எப்படி நம்பினீங்க?”

அவர் பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு சொன்னார்.

“நம்பினேனா இல்லையான்னு யோசிக்கவே இல்லைம்மா. லிப்ட்டுக்குள்ள யாரோ மாட்டிக்கிட்டுத் தட்டுறாங்க. உள்ள இருக்கிறவர் நல்லவரா கெட்டவரான்னு விசாரிச்சுட்டா கதவைத் திறப்பேன்?”

அவையோரே, பதினொரு ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் கதவை மூடினார்கள். பத்து நிமிடம்கூடப் பழகாதவர் திறந்தார். நான் இத்தனை நாள் எதை நாணயம் என்று நினைத்திருந்தேன்? தேதியில் கட்டுவதை. அது நல்ல பழக்கம், இன்றும் கட்டுகிறேன், நாளையும் கட்டுவேன். நிறுவனத்துக்குப் பிடிக்க வேண்டும் என்று அல்ல, எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வர வேண்டும் என்று. ஆனால் தேதியில் கட்டுகிறவள் தேதி தவறியவனைவிட உயர்ந்தவள் என்ற எண்ணத்தை அன்றோடு விட்டுவிட்டேன். இப்போது என் கடையில் உபதேசம் கிடையாது. துணி கொடுத்தால் வெளுத்துத் தருகிறேன், அவ்வளவே.

நம் சங்கம் இன்று நிறைவேற்றப்போகும் தீர்மானம் ஒரே வரி. சலுகை கேட்கவில்லை, சன்மானம் கேட்கவில்லை, சந்தேகப்படாதே என்றுகூடச் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் அட்டையை நிறுத்துமுன் எங்களிடம் ஒரு வார்த்தை கேள் என்கிறோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்று அந்த வரிசையில் நான் அழுதிருக்க மாட்டேன். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள். உயர்த்துங்கள், உயர்த்துங்கள். மூன்றாம் வரிசையில் நீலச் சட்டையில் தலையைக் குனிந்திருக்கும் மினிமம் அண்ணா, நீங்கள் சங்க உறுப்பினர் இல்லைதான், இருந்தாலும் உயர்த்துங்கள்.

தலைவர் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டுவிட்டார், முடிக்கிறேன். அழைத்த சங்கத்துக்கும், பொறுத்த உங்களுக்கும், ஒலிபெருக்கியை ஊளையிடாமல் வைத்திருந்த நண்பருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்குப் போக இந்த வாசலில் ஏழு மணிக்கு ஒரு பேருந்து வரும். தைரியமாக ஏறுங்கள், தாய்மார்கள் மெதுவாகவே ஏறுங்கள். கடைசி ஆள் ஏறும்வரை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார். போன வாரம்தான் உரிமம் திரும்பக் கிடைத்தது, இன்றைக்குத்தான் முதல் நாள். இரண்டு கண்ணாலும் உங்களைப் பார்த்து வணக்கம் சொல்வார். அதை என் வணக்கமாகவும் ஏற்றுக்கொள்ளுங்கள்.