படத்தில் வெளுத்தவள்

தொண்ணூறுகளின் கடைசியில், நேமத்திலிருந்து கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஆரியசாலைக் கடையொன்றில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் ஒரு வாரப் பத்திரிகை விரிந்திருந்தது.

“என்னை வெளுப்பாக்கிட்டாங்க அக்கா.”

மூத்தவள் குனிந்து பார்த்தாள். “நீ எழுதின காதல் கதையா? கறுத்த பொண்ணுன்னு எழுதலியா?”

“மூணு இடத்துல எழுதியிருக்கேன். படம் வரைஞ்சவரு வாசிக்கல போல.”

“போட்டும். அதுக்கு எதுக்கு அதையே திருப்பித் திருப்பிப் பாக்குறே?”

“புனைபேர்லதானே வந்திருக்கு. வாசிச்சா, அது நான்தான்னு நம்ம கடை தங்கராஜுக்கு மனசிலாகும்னு இருந்தேன். வாராவாரம் என்கிட்டதான் இதை வாங்கிப் படிப்பாரு. இந்தப் படத்தைப் பாத்தா வேற யாரோன்னு விட்டுடுவாரே.”

“பின்னே, நேரா சொல்லிடு.”

“சொல்ல முடிஞ்சா கதை எதுக்கு அக்கா எழுதறேன்?”

மூத்தவள் பையிலிருந்து பேனா எடுத்து நீட்டினாள். கரமனையில் பஸ் நின்றபோது இளையவள் படத்தின் கீழே பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘இது நான் இல்லை. கதையில் இருப்பது நான்.’

அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, “நீங்களே அவருகிட்ட கொடுத்திருங்க அக்கா,” என்றாள்.

மூத்தவள் பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டாள். கிள்ளிப்பாலத்தில் இருவரும் இறங்கும்போதும் பத்திரிகை இளையவள் கையில்தான் இருந்தது.