பஸ்ஸில் சோதித்துப் பார்த்த எம்பித்ரீ

பிறர் கதையைச் சொல்வது புறம் பேசுவதாகிவிடுமோ என்று பயந்து, பல வருடம் இதை எழுதாமல் இருந்தேன்.

கற்பிட்டி பஸ்ஸில் ஒரு நானாவும் தங்கச்சியும் என் முன் சீட்டில் இருந்தார்கள். அவள் மடியில் லெப்டொப், கையில் புதிதாக வாங்கிய எம்பித்ரீ பிளேயர்.

"உன்ட லெப்டொப்பில இருக்கிற லினக்ஸுக்கு இந்த எம்பித்ரீ சரிவராது எண்டு கடைக்காரன் சொன்னான்தானே? லெப்டொப்பைக் குடுத்திருந்தா விண்டோஸ் போட்டுத் தந்திருப்பான்."

"போட்டா உள்ளுக்குள்ளதெல்லாம் அழியும், நானா. வாப்பா மௌத்தாகிப் போறதுக்கு முந்தி ஓதிப் பதிஞ்ச குர்ஆன் சூரா இதில மட்டும்தான் இருக்கு."

"சல்லி வேணாம், சும்மா போட்டுத் தாறன் எண்டானே?"

"அதுதான் எனக்குச் சந்தேகம்."

அவள் எம்பித்ரீயின் வயரை லெப்டொப்பில் கொழுவினாள்.

"பாருங்க, பென் டிரைவ் மாதிரித் திறக்குது. அப்பிடியானதாப் பாத்துத்தான் எடுத்தன். வாப்பாட சூராவும் ஏறிட்டுது."

"பேர்தான் தெரியிது. சத்தம் வராது. அவனையும் நம்பேலாது, உன்னையும் நம்பேலாது."

அவள் எம்பித்ரீயின் இயர்போனை அவர் காதில் வைத்தாள்.

நானா சட்டைப் பையிலிருந்து, குர்ஆன் ஓதும்போது போடும் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

இதை யாருக்காவது சொன்னால், அல்லாஹ்வுக்காக, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.