மணி அடிக்கும்வரை

உங்கள் மகள் அடுத்த ஆண்டு சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதப்போவதாகச் சொன்னீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டிப் புத்தகம் எதையும் வாங்கித் தராதீர்கள். பழைய வினாத்தாள்களே போதும். புத்தகம் வாங்குகிறவர்கள் வாங்கியதோடு படித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். கடைகளில் கிடைப்பவற்றில் இரண்டை நான்தான் எழுதினேன். தெரிந்துதான் சொல்கிறேன்.

பத்தியை முதலில் படிக்கக் கூடாது. கேள்வியைப் படித்துவிட்டுப் பத்திக்குப் போக வேண்டும். நான்கு விடைகளில் இரண்டு முட்டாள்களுக்காக வைக்கப்பட்டவை. மூன்றாவது, தன்னை அறிவாளி என்று நினைத்துக்கொள்பவனுக்கானது. மிச்சம் இருப்பதுதான் விடை. என் பயிற்சி மையத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் இரண்டைத் தாண்டுவதில்லை. பச்சை, மஞ்சள், ஊதா என்று பக்கம் முழுக்கக் கோடு இழுப்பார்கள். எல்லாவற்றுக்கும் கோடு போட்டால் எதற்கும் போடாத மாதிரிதான் என்று ஒருநாள் சொன்னேன். அதை எழுதிக்கொண்டு அதன் கீழும் கோடு போட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மாதிரித் தேர்வு. அசல் தேர்வு நடக்கும் அதே காலை நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு எழுத வேண்டும். வீட்டிலுள்ள எல்லாருடைய கைபேசிகளும் ஒரு பையில் போய்விட வேண்டும். கண்காணிக்க ஒருவர் இருக்க வேண்டும். நடுவில் எழக் கூடாது, பேசக் கூடாது, எதையும் வாயில் போடக் கூடாது. மேசைமேல் மணி அடிக்கும் கடிகாரம். அது அடித்த பிறகுதான் கதவு திறக்கும்.

என் மனைவியை அப்படித்தான் தயார் செய்தேன்.

அவளும் ஆரம்பத்தில் மற்றவர்கள் மாதிரிதான். வாய்விட்டுப் படிப்பாள். தவறான விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்காக என்னோடு சண்டை போடுவாள். என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவாள். சிறு வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை நோய். ஊசி இல்லாமல் ஒரு நாளும் போகாது. ஊசி போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். ஒரு மிட்டாயோ ஒரு மடக்குப் பழச்சாறோ போனால் எழுந்து உட்கார்ந்து என்னைக் கிண்டல் செய்வாள். அதற்காக மேசையில் ஒரு மிட்டாய் டப்பா இருந்தது.

எங்களோடு இருந்தவர் என் மாமியார் மட்டும்தான். ஒருமுறை மாதிரித் தேர்வின் நடுவில் கதவைத் திறந்து, “கண்ணு, கொஞ்சம் ஜூஸ் குடிச்சிட்டு எழுதேன்” என்றார். நான் தாளைக் கிழித்துப் போட்டு முதலிலிருந்து எழுதச் சொன்னேன். மனைவி என்னைத் திட்டவில்லை. அம்மாவைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, வீடே பத்தி எரிஞ்சாலும் சரி, மணி அடிக்காம இந்தக் கதவைத் தொடாதே.”

“எரிஞ்சா நான் பாட்டுக்கு ஓடிடுவேன்டி. நீயும் உன் வாத்தியாரும் உள்ளயே பரீட்சை எழுதிட்டிருங்க.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு என் மாமியார் அந்தக் கதவைத் தொட்டதே இல்லை. பழச்சாறு டம்ளரை ஒரு தட்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு அறை வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் உள்ளே வருவார்.

அதே தேர்வை நான் மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் நூலிழையில் போனது. நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். முதல் இரண்டு விடைகள் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் வைக்கப்படுகின்றன.

என் சிறந்த மதிப்பெண்ணை அவள் போன மாதமே தாண்டிவிட்டாள். ஒருநாள் மையத்தில், மாணவர்கள் எல்லாரும் இருக்கும்போது, என் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். “வாத்தியாரே, இந்த விடை தப்பு. வருஷக்கணக்கா தப்பாவே அச்சடிச்சு வித்துட்டு இருக்கீங்க.” பிறகு என் தோளில் கைபோட்டு, “சரி விடுங்க. நான் வக்கீலானதும் இதுக்கு உங்க மேல யாராவது கேஸ் போட்டா இலவசமா வாதாடறேன்” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இடம் கிடைத்தால் வெளியூரில் ஐந்து ஆண்டு விடுதியில் தங்கிப் படிப்பாள். அதுவும் காரணம் இல்லை. நான் அப்படிப்பட்டவன் அல்ல.

தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கடைசி மாதிரித் தேர்வு. காலையில் ஊசி போட்டுக்கொண்டாள். பதற்றத்தில் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். பார்த்தேன். வளர்ந்தவர்களுக்கு ஊட்டிவிடும் பழக்கம் எனக்கு இல்லை. மிட்டாய் டப்பாவை எடுத்துச் சமையலறையில் வைத்தேன். நோயாளிகள் தேர்வுக் கூடத்துக்கு இனிப்பு எடுத்துப்போக அனுமதி உண்டு என்று நீங்கள் நேற்று சொன்னீர்கள். எனக்கும் தெரியும். சலுகையை நம்பிப் படிக்கிறவர்கள் சலுகைக்குத்தான் லாயக்கு.

முதல் ஒரு மணி நேரம் அருமையாக எழுதினாள். அவ்வளவு வேகத்தை நான் பார்த்ததில்லை. பிறகு நெற்றியைத் துடைத்தாள். விடை வட்டங்களுக்கு வெளியே கறுப்பாக்கத் தொடங்கினாள். இடது கை மேசையின் ஓரத்தில், டப்பா இருந்த இடத்தில், தடவிக்கொண்டே இருந்தது.

“வாத்தியாரே... எழுத்தெல்லாம் ஓடுது.”

“பேசக் கூடாது” என்றேன்.

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கேள்வி புரியாத மாணவர்கள் பார்ப்பது மாதிரி. எழுந்திருக்க முயன்றாள். முடியவில்லை. தலை தாள்மேல் சாய்ந்தது. கொஞ்ச நேரம் உடம்பு வெட்டி இழுத்தது. பிறகு அதுவும் இல்லை.

நான் கண்காணிப்பாளர் நாற்காலியில்தான் இருந்தேன். அவள்மேல் என் விரல்கூடப் படவில்லை. அவள் எழுதியவரைக்கும் திருத்தினேன். வட்டத்துக்குள் இருந்தவை எல்லாம் சரி.

வெளியிலிருந்து குரல் வந்தது. “மாப்பிள்ளை, தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. இன்னும் மணி அடிக்கலையா?”

“இன்னும் அடிக்கல அத்தை.”

அது உண்மை. அவருடைய கைபேசி என் பையில் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ரொம்ப நாளாக ஓடவில்லை. அவர் மறுபடி கேட்டார், அதையே சொன்னேன். கடைசியில், “ஜூஸ் சூடாயிடுச்சு, வேற போட்டு வைக்கறேன்” என்று எழுந்து போனார். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக மேசைக்கு வந்த பிறகு நானே கதவைத் திறந்தேன். புது டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். “முடிஞ்சுதா? நல்லா எழுதினாளா?” என்று கேட்டார். நன்றாக எழுதினாள் என்றேன். அதுவும் உண்மை.

இந்தத் தேர்வில் ஒரு வகைக் கேள்வி உண்டு. ஒரு வாதத்தைக் கொடுத்துவிட்டு, அதைப் பலவீனமாக்கும் தகவல் எது என்று கேட்பார்கள். என் வாதம் எளிமையானது. நான் எதையும் செய்யவில்லை. விதியை மட்டும் காப்பாற்றினேன். அந்த விதியை விரும்பி ஏற்றவள் அவள். இதைப் பலவீனமாக்க உங்கள் கையில் இருப்பது ஒரே தகவல்: மேசைமேல் இருந்த கடிகாரம் பதினொரு நிமிடம் மிச்சம் இருக்கும்போதே நின்றிருக்கிறது, பேட்டரியில் எந்தக் கோளாறும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது. அவளாக இருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆம், நான்தான் நிறுத்தினேன். அவள் தலை சாய்ந்ததும் எழுந்து போய் நிறுத்திவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன். மணி அடித்திருந்தால் அத்தை டம்ளரோடு உள்ளே வந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக நிறுத்தவில்லை. இதை மட்டும் நீங்கள் வாக்குமூலத்தில் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு இன்னும் ஆறு கேள்விகள் மீதி இருந்தன. நேரம் வீணாகிவிடக் கூடாதே என்றுதான் நிறுத்தினேன்.