மயில்கழுத்துச் சீலையில் தைத்த சட்டை

(1974ஆம் ஆண்டு, ஊர்காவற்றுறை மாதர் தையல் வகுப்பு நடத்திய ‘பழையதில் புதியது’ கண்காட்சியைத் திறந்து வைத்து, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஆழ்வாப்பிள்ளை ஆற்றிய உரை)

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் அதிபர் திரு. சில்வெஸ்ரர் அவர்களே, ஊசியும் நூலும் கொண்டு இத்தீவின் மானத்தைக் காத்து வரும் தையல் ஆசிரியை ஞானசவுந்தரி அவர்களே, கோயிலடியிலிருந்தும் தேவாலயத்தடியிலிருந்தும் வந்து இங்கே தோளோடு தோள் முட்ட அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனலைதீவிலிருந்து காற்றோடு மல்லுக்கட்டி வள்ளமேறி வந்த உறவினர்களே, உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடோடி வந்த அன்னையர்களே, வலப்பக்க வாசலோரம் கடைசி வாங்குப் பலகையில் இருக்கும் பிலோமினம்மா அவர்களே, அவர் மகள் ஜசிந்தா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் தலை தாழ்த்தி என் வணக்கம்.

கடைசி வாங்கில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது மேடை வழக்கமில்லையே என்று முன்வரிசையில் சிலர் கழுத்தைத் திருப்புகிறீர்கள். திருப்பாதீர்கள், ஐயா. இன்று நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டிய முகம் அங்கே இல்லை. மாலையும் கழுத்துமாக மைக்குக்கு முன்னால் நிற்கிறதே, இந்த முகத்தைப் பாருங்கள்.

உள்ளே கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். என்ன கை, என்ன கலை, என்ன கணக்கு! சங்கக்கடையில் கூப்பனுக்குக் கிடைக்கும் சீத்தைத் துணி ஒரு சட்டைக்கே காணாத காலம் இது. ஆனால் உள்ளே என்ன குறை? தகப்பனின் கிழிந்த வேட்டி மகளின் பாவாடையாகியிருக்கிறது. பழைய யன்னல் சீலை பள்ளிக்கூடப் பையாகியிருக்கிறது. அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு நிவாரணப் பொதியில் வந்த வெள்ளைக்காரனின் குளிர்க் கோட்டு, நம் வெயிலில் எவன் போடுவான் என்று மூலையில் கிடந்தது, இரண்டு தொட்டில் பிள்ளைகளுக்கு மெத்தையாகியிருக்கிறது. வெட்டியது தெரியவில்லை. ஒட்டியது தெரியவில்லை. தேய்ந்த இடத்தைத் தேடினாலும் கண்ணுக்குத் தெரியவில்லை.

என்னுடைய இந்தச் சட்டையும் அப்படித்தான். நான் தபால் கந்தோரில் இருந்த காலத்துச் சட்டை. கழுத்துப்பட்டி நைந்து நார் நாராகத் தொங்கியது. சென்ற மாதம் ஞானசவுந்தரி அவர்களிடம் கொடுத்தனுப்பினேன். பட்டியைப் பிரித்து, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி, பழைய ஊசித் துளையிலேயே மறுபடி ஊசி ஏற்றித் தைத்து அனுப்பியிருந்தார்கள். முன்வரிசைப் பெரியவர்களே, உங்களில் எத்தனை பேரின் கழுத்துப்பட்டி திருப்பித் தைத்தது? சிரிக்கிறீர்கள். எனக்குத் தெரியும், பாதிப் பேர்.

“இவ்வளவு வடிவாய் ஆர் தைச்சது?” என்று ஆசிரியையைக் கேட்டேன். “ஜசிந்தா தைச்சவ” என்றார். “என்ரை சட்டை எண்டு அவவுக்குத் தெரியுமே?” என்று கேட்டேன். “தெரியும். பேரைச் சொல்லித்தான் குடுத்தனான்” என்றார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை, மக்களே.

ஏன் இறங்கவில்லை? சொல்லத்தானே வந்திருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், இதே மண்டபத்தில், இதே மேடையில், தீவகப் பாடசாலைகளுக்கான பேச்சுப் போட்டி நடந்தது. முதற்பரிசு பெற்றவள் பதினான்கு வயதுச் சிறுமி ஜசிந்தா. கையில் கடதாசி இல்லை, கண்ணில் கலக்கம் இல்லை, ஏழு நிமிடம் பேசினாள். கடலில் போன தகப்பனுக்காகக் கரையில் காத்திருக்கும் வீடுகளைப் பற்றிப் பேசினாள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அதற்குப் பிறகு பரிசளிக்க வந்த பிரமுகர் பேசினார். அந்தப் பிரமுகர் நான். நாற்பது நிமிடம் பேசினேன். எவரும் எழுந்து நிற்கவில்லை.

அது என்னைச் சுட்டது. உண்மையைச் சொல்கிறேன், அது என்னைச் சுட்டது. ஐம்பது வயது கடந்தவன், ஊரில் கூட்டமென்றால் ஒலிபெருக்கிக்கு முன்பே வந்து நிற்பவன், ஒரு பள்ளிப் பிள்ளையின் மீது பொறாமைப்பட்டேன்.

கோப்பை வாங்க அவள் என் முன்னால் வந்தாள். அவள் அணிந்திருந்த சட்டையைப் பார்த்தேன். மயில்கழுத்து நிறம். ஓரத்தில் சிறு மாங்காய்ப் பூ. அது என் மனைவி சிவக்கொழுந்தின் சீலை. அவள் கண் மூடி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. முந்தானையில் கைவிளக்குச் சுட்ட ஓட்டை ஒன்று இருக்கும். அது இருக்க வேண்டிய இடத்தில், சட்டையின் தோளில், பச்சை நூலால் ஓர் இலை தைத்திருந்தது. இருந்து எழும்பித் தேய்ந்த நடுத்துணியைக் கழித்துவிட்டு, கரையைக் கைக்கும் கீழ்மடிப்புக்கும் வைத்து, அவ்வளவு அழகாகத் தைத்திருந்தார் அவள் தாய் பிலோமினம்மா. வேறு எவருக்கும் அது பழைய சீலை என்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

துக்கம் வந்தது. அப்படியானால் அழுதிருக்கலாம் அல்லவா? மௌனமாக இருந்திருக்கலாம் அல்லவா? நான் என்ன செய்தேன்? மைக்கைக் கிட்ட இழுத்தேன். “என் வீட்டுக் கொடியில் காய்ந்த சீலைக்குக் கால் முளைத்துக் கோப்பை வாங்க வந்திருக்கிறதே, இது என்ன மாயம்?” என்று கேட்டேன். மண்டபம் சிரித்தது. எனக்குக் கிடைக்காத கைதட்டு அப்போது கிடைத்தது. முதலில் அந்தக் கைதட்டு எனக்கு இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோப்பையை மேசையில் வைத்தாள். படியிறங்கிப் போனாள். வாசலில் நின்ற தாய், “வா பிள்ளை” என்றார். யாழ்ப்பாணத்தில் நடந்த அடுத்த போட்டிக்கு ஜசிந்தா போகவில்லை. அதன் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை.

நான் களவு என்ற சொல்லைச் சொன்னேனா? சொல்லவில்லை. கொடி என்றேன், கால் என்றேன், மாயம் என்றேன். மிச்சத்தை ஊர் சொல்லிக்கொண்டது. பிலோமினம்மா அந்நாளில் மீன் கடகத்தோடு எங்கள் வளவுகளுக்குப் பின்பக்கமாக வந்து போனவர். அவ்வளவு போதாதா ஊருக்கு? “ஓ, அப்பிடியே சங்கதி” என்றார்கள். ஒரு வீட்டில் வாசல் படலையைப் பூட்டினார்கள். மறு வீட்டிலும் பூட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் நம் பக்கத்தில் அவரிடம் மீன் வாங்க ஆளில்லை.

அதோ அந்தப் பக்கத்தில் ஒரு பெரியவர், “உமக்கு விசயம் தெரியாதுதானே, ஆழ்வாப்பிள்ளை” என்கிறார். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள், அண்ணை. காப்பாற்றாதீர்கள். எனக்குத் தெரியும். அன்று மாலையே தெரியும்.

அன்று மாலை விளக்கு வைக்கும் முன்னர் கட்டாடி கதிர்காமு என் படலையடிக்கு வந்தார். நம் குடும்பங்களுக்குத் துணி வெளுத்த அந்த மனிதரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். “ஐயா, அந்தச் சீலை களவில்லை” என்றார். “வீட்டு அம்மாவின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய உங்கட தங்கச்சியார் எனக்குத் தந்தவ. செத்த வீட்டு உடுப்பு எங்களுக்குத்தானே ஐயா சேரும். என்ரை மனிசி அதைப் பிலோமினம்மாவுக்குக் குடுத்தவ. அவ சும்மா வாங்கேல்லை. எங்கட ரெண்டு பெட்டையளுக்கும் நாலு சட்டை தைச்சுத் தந்திட்டுத்தான் வாங்கினவ. நான் சொன்னா ஆர் கேப்பினம்? நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, சனம் நம்பும்.”

“சரி, நான் பாக்கிறன்” என்றேன். பார்க்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் பார்க்கவில்லை. கதிர்காமு சென்ற வருடம் காலமானார். கடைசிவரை, என்னைக் காணும்போதெல்லாம் ஒதுங்கி நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன்.

இந்த ஒன்பது ஆண்டுகளும் நான் ஊமையாகவா இருந்தேன்? கோயில் திருவிழாவில் பேசவில்லையா? வாசிகசாலை ஆண்டுவிழாவில் பேசவில்லையா? வாய்மை என்ற பொருளில், வாயாரப் புகழ்ந்து, வரிசை வரிசையாய் எடுத்துக்காட்டு அடுக்கி, ஒரு மணித்தியாலம் பேசவில்லையா? அந்த வாசிகசாலைக்கு எதிர் ஒழுங்கையில்தான் அன்று காலை ஒரு வீட்டுக்காரி, “இஞ்சை வராதை” என்று பிலோமினம்மாவை விரட்டியிருந்தாள். நான் என் காதால் கேட்டேன். கேட்டுவிட்டுப் போய் வாய்மையைப் பற்றிப் பேசினேன். இந்த நாக்கு எதற்கு உதவும், சொல்லுங்கள்? வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் என்னிடம் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

“அதுகும் செத்த வீட்டுச் சீலையைப் போய்ப் பிள்ளைக்குப் போடுறதோ?” என்று அன்று மூக்கைச் சுளித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அம்மனுக்குச் சாத்திக் களைந்த சீலையை ஏலத்தில் எடுக்கிறோமே, கண்ணில் ஒற்றி உடுத்துகிறோமே, அதை எவராவது பழையது என்கிறோமா? அக்காள் போட்டதைத் தங்கை போடவில்லையா? மாமன் சட்டையை மருமகனுக்குச் சுருக்கித் தைக்கவில்லையா? நாம் திருப்பித் தைத்தால் சிக்கனம், அவர்கள் திருப்பித் தைத்தால் இளக்காரமா? நாம் உடுத்தினால் மரபு, அவர்கள் உடுத்தினால் மாயமா? என் சிவக்கொழுந்து இருந்திருந்தால் அந்த இலையைத் தடவிப் பார்த்து, “ஆர் தைச்சது, எனக்கும் சொல்லித் தருவாவோ?” என்று கேட்டிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள். நான் அப்படிப்பட்டவனாக இல்லை.

வேண்டாம், கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள்.

சென்ற சனிக்கிழமை ஜசிந்தாவின் வீட்டுக்குப் போனேன். கை மெசினில் ஒரு நீளத் தையல் ஓடிக்கொண்டிருந்தது. “பிள்ளை, மன்னிப்புக் கேக்க வந்தனான்” என்றேன். அவர் மெசின் சில்லைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. தையலை முடித்தார், நூலை வெட்டினார், பிறகுதான் நிமிர்ந்தார்.

“என்னட்டைக் கேட்டு என்ன ஐயா? எனக்கு நடந்தது நடந்து போச்சுது. அம்மாவைத்தான் இண்டைக்கும் கள்ளி எண்டு கதைக்கினம். அதை மாத்துங்கோ” என்றார்.

“அம்மாவைக் கூப்பிடும், அவவிட்டையும் மன்னிப்புக் கேக்கிறன்” என்றேன்.

“நீங்கள் மேடையிலை சொன்னதை இந்தக் குசினிக்குள்ளை வந்து மறுத்தா ஆருக்குக் கேக்கும்?” என்று கேட்டார். “மேடையிலை சொன்னனீங்கள், மேடையிலையே சொல்லுங்கோ. என்னை ஏறச் சொல்லிக் கூப்பிடாதேங்கோ. பாட்டுச் சொல்லாதேங்கோ, பழமொழி சொல்லாதேங்கோ. நேரை சொல்லுங்கோ.”

“சொன்னா மன்னிப்பீரோ?” என்று கேட்டேன். பாருங்கள், அப்போதும் பேரம் பேசினேன்.

“அதை இப்ப சொல்ல ஏலாது ஐயா” என்றார்.

ஆகவே சபையோரே, இந்த அரைமணி நேரமும் நான் பேசியது என் பழக்கதோஷம். அடுக்குமொழி இல்லாமல் எனக்கு மூச்சு வராது. இனி அவர் கேட்டபடி பேசுகிறேன்.

பிலோமினம்மா அந்தச் சீலையைக் களவெடுக்கவில்லை. நாலு சட்டை தைத்துக் கொடுத்து, அதற்குக் கூலியாக அந்தச் சீலையை வாங்கினார். அது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் நான் சொல்லவில்லை. குற்றம் என்னுடையது.

கடைசி வாங்கில் பிலோமினம்மா எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்கிறார். கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள், மக்களே. என்ன அம்மா?

“எனக்குக் கேட்டிட்டுது ஐயா. வெளியிலை நிக்கிற சனத்துக்குக் கேக்கேல்லை. அவைக்கும் கேக்கச் சொல்லுங்கோ.”

ஓம் அம்மா. சொல்கிறேன். ஒலிபெருக்கியைத் தெருப்பக்கம் திருப்பிவிடுங்கள், ஐயா. படலைகளைப் பூட்டிய வீடுகளுக்கும் கேட்கட்டும்.

பிலோமினம்மா களவெடுக்கவில்லை. உழைத்து வாங்கினார். ஆழ்வாப்பிள்ளையாகிய எனக்கு அது தெரியும். நான் ஒன்பது வருடம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

என்னை அழைத்த தையல் வகுப்பாருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், எழுந்து நிற்கும் அந்தத் தாய்க்கும் என் நன்றி. அவர் இன்னும் உட்காரவில்லை. அவர் உட்காரும் வரை நானும் இங்கேயே நின்று, கேட்கவில்லை என்று எவர் சொன்னாலும் மறுபடியும் சொல்வேன். வணக்கம்.