கூட்டம் கலையக் கூடாது

உங்கள் விசாரணை அலுவலகத்து நாற்காலி நன்றாக இருக்கிறது, சார். கை வைத்த நாற்காலி. என் பிழைப்பே நாற்காலியில்தான் ஆரம்பித்தது.

பொதட்டூர்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வந்த புதிதில் தணிகைவேல் என்று என்னைக் கூப்பிட ஆள் கிடையாது. சேர் வாடகைக்காரன், அவ்வளவுதான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் சேர் போட்டேன். அந்தக் கட்சி இந்தக் கட்சி என்று பார்த்ததில்லை. பந்தலுக்குப் பின்னால் நின்று ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கைதட்டல் குறைந்தால்கூடத் தலைவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேசும்போது ஜனம் எழுந்து போனால் பொறுக்க மாட்டார்கள். நான் கூட்டிய கூட்டத்தில் ஒருத்தன் எழுந்ததில்லை. அதனால்தான் எனக்கு நிலம் கிடைத்தது, லைசென்ஸ் கிடைத்தது, ரசாயன ஆலைக்குச் சேர்மன் ஆனேன். அதைச் செல்வாக்கு என்று எழுதுகிறார்கள். உழைப்பு சார் அது.

இப்போது ஊரே என்னைக் கொலைகாரன் என்கிறது. எரிச்சலாக இருக்கிறது. ஆலைச் சுவருக்குப் பின்னால் இருக்கிற காலனிக்குத் தண்ணீர் டேங்க் கட்டிக்கொடுத்தது யார்? ஆடி மாதம் பெரியபாளையத்துக்கு வேன் விட்டது யார்? நன்றி கெட்ட ஜனம்.

இரண்டாவது யூனிட்டைத் திறக்க அமைச்சர் வந்தார். காலனியில் வீட்டுக்கு ஒரு ஆள் என்று கேட்டிருந்தால் பாதிப் பேர்தான் வந்திருப்பார்கள். பெரியவர்கள் எல்லாரும் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். பிள்ளைகளை மட்டும் கூட்டி வரக் கூடாது. ஒரு பிள்ளை அழுதால் பத்துப் பேர் எழுந்துவிடுவார்கள். இது அனுபவம்.

அமைச்சர் பேச ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் பீட்டர் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தான்.

"சேர்மன் சார், குளோரின் டேங்க் வால்வு பூட்ச்சி. கேஸ் வருது. சைரன் போட்டுர்றேன்."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

"காலனி பக்கம் சார்."

எனக்கு உயிர் வந்தது. மேடைக்கு ஆபத்தில்லை.

"அமைச்சர் பேசிக்கினு இருக்காரு. முடிக்கட்டும், அப்புறம் போடு."

"கொயந்தைங்க ஊட்ல தனியா கீதுங்க சார்."

அழுதான். சைரன் அடித்தால் ஈரத்துணியால் பிள்ளைகளின் முகத்தை மூடி, தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓட வேண்டும் என்று காலனிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அது அடித்திருந்தால் பந்தலில் ஒரு சேர் மிஞ்சியிருக்காது. அத்தனை பேரும் அமைச்சருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் ஓடியிருப்பார்கள். அமைச்சர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

சைரன் ரிப்பேர் என்று செய்தி போட்டார்களே, அது நான் சொல்லிக் கொடுத்தது. சைரன் நன்றாகத்தான் இருந்தது. சைரன் அறைச் சாவியைப் பீட்டர் கையிலிருந்து பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வரிசையில் கன்னியம்மா எழுந்தாள். ஆலையில் கூட்டிப் பெருக்குகிறவள். நானே இறங்கிப் போனேன்.

"இன்னா சார், பிளீச்சிங் பவுடர் நாத்தம் அடிக்குது? எம் பொண்ணு ஸ்நேகா ஊட்ல தூங்கிக்கினு கீது சார், ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்."

"ஒண்ணுமில்லம்மா, டேங்க் கழுவுறாங்க. உக்காரு. நான் சொல்றேன்ல."

உட்கார்ந்தாள். என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை சார் அப்போது.

அமைச்சர் நன்றாகப் பேசினார். தொழிலாளர் நலன் பற்றித்தான். கடைசிவரை கூட்டம் அசையவில்லை. போகும்போது என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். காலனியில் ஏழு பிள்ளைகள் போய்விட்டன. ஸ்நேகாவும் அதில் ஒன்று.

ஆஸ்பத்திரி வாசலில் கன்னியம்மா என் சட்டையைப் பிடித்தாள். "இன்னாத்துக்குடா என்ன உக்கார வச்ச?" என்று கேட்டாள். அத்தனை பேர் முன்னால் 'டா' போட்டாள். என் வாழ்நாளில் என்னை அப்படி ஒருத்தரும் அவமானப்படுத்தியதில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

தோளில் தட்டிய அமைச்சர் இப்போது போனை எடுப்பதில்லை. போகட்டும். சைரனை அடிக்க விடாதவன் நான்தான். தெரிந்தேதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் விடாமல் எழுதுங்கள், சார். அன்றைக்கு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.