எக்ஸலேட்டரை விட்டால் நின்றுவிடும்

ஆஸியா: ...இல்லங்க, கார் ஸ்டார்ட் ஆகுது. ஸ்டார்ட் ஆகல்லன்னு நான் சொல்லவே இல்லியே. எக்ஸலேட்டர்ல இருந்து கால எடுத்தா நின்னுருது.

றம்ஸி: எடுத்த உடனேயா? கொஞ்சம் இருந்தா?

ஆஸியா: ரெண்டு மூணு இருமல் இருமிட்டு நின்னுருது. கேட்டோட போட்டு வச்சிருக்கேன். றோட்டுக்கு எடுக்க பயமா இருக்கு.

றம்ஸி: நேத்து நல்லாத்தானே இருந்திச்சி?

ஆஸியா: நேத்து மாத்தள டவுனுக்கு போய்ட்டு வந்தேன். ஒரு கரைச்சலும் இல்ல. இன்னைக்கு காலையிலதான் இப்பிடி. நீங்க டோஹாவில இருந்துக்கிட்டு என்னத்த பாக்கப்போறீங்க... கராஜ் பஸ்லி நானாவ வரச்சொல்லட்டா?

றம்ஸி: பஸ்லியா? அவன் அதுல கை வைக்க வேணாம். என்ன பழுதுன்னாலும் காபரேட்டர மாத்தணும்னுவான். கார் எனக்கு மூத்தது ஆஸியா. காது குடுத்துக் கேட்டுத்தான் வேலை செய்யணும்.

ஆஸியா: அப்ப கேளுங்க. போன எங்க வைக்க?

றம்ஸி: பொறு, பொனட்ட திற. கம்பிய முட்டுக் குடுத்தியா? தலையில விழுந்திரும்.

ஆஸியா: குடுத்திட்டேன்.

றம்ஸி: சோக்க இழுத்துட்டு ஸ்டார்ட் பண்ணு. சோக் இழுத்தா நிக்காது. பிறகு போன என்ஜினுக்கு கிட்ட கொண்டு வா.

ஆஸியா: ...கேக்குதா?

றம்ஸி: ...

ஆஸியா: இருக்கீங்களா? லைன் போயிட்டா?

றம்ஸி: இருக்கேன். கேக்குது. அப்பிடியே பிடி.

ஆஸியா: கை சுடுதுங்க.

றம்ஸி: மத்தக் கையில பிடி. இன்னும் கொஞ்சம்... அந்தப் பக்கம் என்ன சத்தம்? பாண் விக்கிற ஆட்டோவா?

ஆஸியா: ஓ. இப்பதான் மேட்டுல ஏறுது.

றம்ஸி: இன்னும் அதே பாட்டா?

ஆஸியா: அதே பாட்டுத்தான். ஸ்பீக்கர் கிழிஞ்சி, இப்ப சளி பிடிச்ச மாதிரி பாடுது. நம்ம உக்குவளையில புதுசா ஒண்ணும் வந்திராது, பயப்படாதீங்க. என்ஜினுக்கு என்னன்னு சொல்லுங்க.

றம்ஸி: ம்... பிளக்கா இருக்கலாம். நிப்பாட்டு. நிப்பாட்டிட்டு ஒரு பிளக்க கழட்டிப் பாரு.

ஆஸியா: என்னாலயா?

றம்ஸி: ஏன் ஏலாது? பிரஷர் குக்கர் வால்வ கழட்டி மாட்டுனவதானே நீ. பின் சீட்டுக்கு கீழ சிவப்புப் பெட்டி இருக்கு. அதுல பிளக் கழட்டுற நீளமான சாவி ஒண்ணு இருக்கும்.

ஆஸியா: பொறுங்க... இருக்கு. உங்கட நீல சேட்டும் இதுக்குள்ள கிடக்குது.

றம்ஸி: அது வேலைக்கி போடுறது. அத எடுத்துக் கையில சுத்திக்க, சூடா இருக்கும்.

ஆஸியா: வேணாம். என்ட முந்தானை போதும்.

றம்ஸி: அது எண்ணெய்ச் சேட்டுதானே. வீசிரு இல்லாட்டி கழுவி வை.

ஆஸியா: கழுவல்ல. கழுவவும் மாட்டேன். நீங்க பிளக்க சொல்லுங்க.

றம்ஸி: ...வயர இழுக்காத. மூடியப் பிடிச்சி இழு. பிறகு சாவியப் போட்டு இடப்பக்கம் திருப்பு.

ஆஸியா: திரும்பல்ல... ஆ, திரும்பிச்சி. வருது. கரியா இருக்கு. கை முழுக்க ஆயிட்டு.

றம்ஸி: நனைஞ்சிருக்கா, காஞ்சிருக்கா?

ஆஸியா: காஞ்சிதான் இருக்கு. நீங்க அங்கயும் இப்பிடித்தான் கரி பூசிக்கிட்டு நிப்பீங்களா?

றம்ஸி: இங்க எங்க கரி? எல்லாம் புதுக் கார். கம்ப்யூட்டர சொருகினா இன்னது பழுதுன்னு அதுவே எழுதிக் காட்டும். காதுக்கு வேலையே இல்ல.

ஆஸியா: இப்ப எங்க இருக்கீங்க? சத்தமே இல்ல.

றம்ஸி: படிக்கட்டுல. வெள்ளிக்கிழமைதானே, ரூம்ல எல்லாரும் தூங்குறாங்க.

ஆஸியா: சாப்பிட்டீங்களா?

றம்ஸி: ஓ... நீ ஒரு சீலத்துண்டால பிளக்க துடை. நல்லா துடை. அவசரமில்ல.

ஆஸியா: துடைக்கிறேன்.

றம்ஸி: பெருநாளைக்கு வந்திருந்தா நானே எல்லாத்தையும் கழட்டி டியூன் பண்ணியிருப்பேன்.

ஆஸியா: ம்.

றம்ஸி: லீவு தந்துட்டுத்தான் திருப்பி எடுத்தாங்க ஆஸியா. சாமான் எல்லாம் கட்டிட்டேன். நம்ம புள்ள நதாவுக்கு சப்பாத்து கூட வாங்கிட்டேன். இப்ப அது அவ காலுக்கு சின்னதாயிருக்கும்.

ஆஸியா: நான் ஒண்ணும் கேக்கல்லியே.

றம்ஸி: அதத்தான் சொல்றேன். ஏசியிருந்தாலும் பரவாயில்ல. நீ ஒண்ணும் கேக்கல்ல. ஏன் வரல்லன்னு ஒரு வார்த்தை கேக்கல்ல. எனக்கு அதுக்குப் பிறகு கதைக்க வாய் வரல்ல.

ஆஸியா: கேட்டா நீங்க அழுதிருவீங்கன்னு பயந்தேன்.

றம்ஸி: பிளக்க துடைச்சியா?

ஆஸியா: துடைச்சிட்டேன்.

றம்ஸி: சரி... திருப்பிப் போடு. முதல்ல கையால முறுக்கு, கடைசியில மட்டும் சாவி.

ஆஸியா: போட்டுட்டேன். மூடியும் போட்டுட்டேன். ஸ்டார்ட் பண்ணட்டா?

றம்ஸி: பண்ணு.

ஆஸியா: ...பாத்தீங்களா, சோக்க உள்ள தள்ளினா இன்னும் நின்னுருது. பிளக் இல்ல இது.

றம்ஸி: பிளக் இல்லதான். சோக்க இழுத்தே வை. காபரேட்டருக்கு கீழ பாரு, விரல் தடிப்புல ஒரு ரப்பர் பைப் போகும்.

ஆஸியா: ஓ... ஒண்ணு கழண்டு தொங்குது.

றம்ஸி: அது மாட்டியிருந்த இடத்துல ஒரு ஓட்டை தெரியுதா? அத விரலால மூடு. காத்தாடிக்கு கிட்ட கைய கொண்டு போகாத.

ஆஸியா: மூடிட்டேன். அட... சத்தம் அடங்கிட்டு.

றம்ஸி: அதுதான். தேவையில்லாத காத்து உள்ள போய் பெற்றோல் பத்தல்ல அதுக்கு. கால எடுத்தா மூச்சு முட்டிச் செத்துரும். நிப்பாட்டிட்டு பைப்ப அடி வரைக்கும் தள்ளி மாட்டு.

ஆஸியா: மாட்டிட்டேன். ஸ்டார்ட் பண்றேன்... சோக்க தள்ளிட்டேன். கால எடுத்துட்டேன். கேளுங்க.

றம்ஸி: ம்... இதுதான் என்ட காரு. இன்னும் கொஞ்சம் கிட்ட வை.

ஆஸியா: ...இனி என்ன? போன வைக்கப்போறீங்களா?

றம்ஸி: அந்தக் கிளிப் எங்க?

ஆஸியா: எந்தக் கிளிப்?

றம்ஸி: அந்த பைப்புக்கு நான் கிளிப் போட்டு இறுக்கிட்டுத்தான் பிளைட் ஏறினேன். அது தானா கழலாது.

ஆஸியா: ...என்கிட்டதான் இருக்கு.

றம்ஸி: எப்ப கழட்டின?

ஆஸியா: காலையில சுபஹு தொழுதிட்டு வந்து. குறடாலதான் இழுத்தேன். பெருநாளுக்குப் பிறகு நீங்க போன் எடுத்தா உம்மா மருந்து போட்டாவா, கேஸ் இருக்கா, சரி வைக்கிறேன். நானும் ஓன்னுவேன். அவ்வளவுதான். காரப்பத்தி கேட்டா மட்டும் விடிய விடிய கதைப்பீங்க. வேற எத நான் பழுதாக்க? கோவமா?

றம்ஸி: இல்ல. போன நீ என்ஜினுக்கு கிட்ட கொண்டு வந்த உடனே எனக்குத் தெரியும். ஸ்ஸ்ஸ்னு காத்து இழுக்குற சத்தம் கேட்டிச்சி.

ஆஸியா: அப்பவே தெரியுமா? அப்ப ஏன் பிளக்க கழட்ட வச்சீங்க? நகமெல்லாம் கரி.

றம்ஸி: உடனே சரியாகியிருந்தா நீ போன வச்சிருப்பியே.